மங்கா வாசிக்கிற பெடியனின் அம்மாவுக்கு

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார்: "தம்பி, என்ரை மகன் இந்த வருசம் ஓ.எல். எழுதப் போறான். புத்தகத்துக்குள்ளை போனை வைச்சுக்கொண்டு எந்த நேரமும் மங்கா எண்டு ஏதோ படக்கதை பார்க்கிறான். கேட்டால், நீங்களும் வாசிக்கிறனீங்களாம் எண்டு உங்களைச் சாட்டுறான். இந்த வயசிலை அதிலை என்ன இருக்கு? விடலாமோ, விடக்கூடாதோ?"

அக்கா, பெடியன் சொன்னது உண்மைதான். எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது, தருமபுரத்தில் போட்டோக்கொப்பி, லமினேட்டிங், போம் நிரப்பிக் கொடுத்தல் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன், கடையில் ஆள் இல்லாத நேரம் மேசைக்குக் கீழேயிருந்து புத்தகத்தை எடுப்பேன், ஆள் வந்தால் உள்ளே தள்ளுவேன். உங்கள் மகன் செய்கிற அதே வேலை. ஆகையால் நான் சொல்வதை நடுநிலையான தீர்ப்பாக எடுக்காதீர்கள். போன ஒரு வருசத்தில் வாசித்தவற்றைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், விடுவதா இல்லையா என்பது உங்கள் வீட்டு விசயம்.

மங்கா என்றால் யப்பானில் படக்கதைக்குப் பொதுப்பெயர், அவ்வளவுதான். அதில் பெடியன்களுக்கென்று வருவது ஷோனென், பெட்டையளுக்கென்று வருவது ஷோஜோ, வளர்ந்த ஆட்களுக்கு வருவது செய்னென். "மங்கா நல்லதா கெட்டதா" என்று கேட்பது "சினிமா நல்லதா கெட்டதா" என்று கேட்பது மாதிரி. இரத்தமும் சதையுமாக வெட்டிக் கொட்டுகிறதும் இருக்கிறது, பதினாறு வயதுப் பெடியன் பார்க்கக் கூடாததும் இருக்கிறது, வீட்டில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கக் கூடியதும் இருக்கிறது. அங்கே இது சின்ன வியாபாரம் இல்லை. 1968 இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் என்ற சஞ்சிகை 1990களின் நடுப்பகுதியில் ஒரு இதழை 65 லட்சம் பிரதிக்கு மேல் அச்சடித்தது. மட்டமான தாள், கறுப்பு மை, வாசித்துவிட்டு ரயிலிலேயே போட்டுவிட்டுப் போகிற சாமான். பிறகு நன்றாகப் போன கதையை மட்டும் தனிப் புத்தகமாகப் போடுவார்கள்.

கொப்பிக் கடைக்காரன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படங்களில் சாம்பல் நிறமாகத் தெரிகிற இடத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், சாம்பலே இருக்காது, எல்லாம் பொடிப் பொடிக் கறுப்புப் புள்ளிகள். முந்தி அதை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துப் பின்னால் பசை தடவி விற்பார்கள், ஓவியர் அதைப் படத்துக்கு மேல் ஒட்டி, தேவையில்லாத ஓரத்தைக் கத்தியால் கீறி எடுப்பார். இப்போது பெரும்பாலும் கணினியில் செய்கிறார்கள். போன மாதம் ஒரு பிள்ளை இப்படி ஒரு பக்கத்தைக் கொண்டு வந்து பெரிதாக்கிக் கொப்பி கேட்டாள். மெஷினில் போட்டேன், முகத்து நிழலெல்லாம் ஓலைப்பாய் பின்னல் மாதிரி அலை அலையாக விழுந்தது. பிள்ளைக்கு அழுகை வராத குறை. எழுத்துக்கு வைக்கிற முறையை மாற்றி, படத்துக்கு வைக்கிற முறையில் திரும்பப் போட்ட பிறகுதான் முகம் முகமாக வந்தது. இரண்டாவது கொப்பிக்குக் காசு வாங்கவில்லை.

நான் இதுக்குள் வந்த வழி வேறு. எங்கள் காலத்தில் படக்கதை என்றால் சிவகாசியிலிருந்து வருகிற முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து தொடங்கியது, லயன் 1984 இல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயே ஒழுங்காக வராத வன்னிக்குள் காமிக்ஸ் எங்கே வரும். 96 இல் கிளிநொச்சியிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு மாலில் வந்து தங்கிய ஒரு குடும்பத்துப் பெடியன், உடுப்புக்குப் பதிலாக ஒரு உரப்பை நிறையக் காமிக்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தாயிடம் அதுக்கு நல்ல அடி வாங்கினான். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிச் சுற்றி வாசித்தோம். முன்னட்டையும் பின்னட்டையும் கழன்று, கடைசிப் பக்கங்கள் எப்போதோ போய்விட்டிருந்தன. மாயாவி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போனார் என்பது வரைக்கும் தெரியும், திரும்பி வந்தாரா என்பது பல கதைகளில் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சரி, இந்த வருசம் வாசித்தவை. எல்லாவற்றிலும் மேலே நான் வைப்பது ஃபுமியோ கோனோ என்ற பெண் கீறிய "இந்த உலகின் ஒரு மூலையில்". யப்பானில் 2007 முதல் 2009 வரை வந்தது, அங்கே மூன்று தொகுதி, ஆங்கிலத்தில் ஒரே தடித்த புத்தகமாகக் கிடைக்கிறது. சுசு என்ற பிள்ளை ஹிரோஷிமாவில் பிறந்தவள், நன்றாகப் படம் கீறுவாள், கொஞ்சம் அசமந்தம். 1944 இல் கல்யாணம் கட்டிக் குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்குப் போகிறாள். அந்த ஊருக்கு மேல் பிளேன் வருகிறது, குண்டு விழுகிறது, எல்லாம் நடக்கிறது. ஆனால் புத்தகத்தில் பாதிக்கு மேல் என்ன நடக்கிறது தெரியுமா? சமையல். கூப்பன் அரிசி குறையக் குறைய அவள் வேலியோரத்து இலைகுழையெல்லாம் ஆய்ந்து கொண்டு வந்து கறியாக்குகிறாள். ஒரு இடத்தில் அரிசியை வறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஊதிப் பெருக்க வைத்துச் சமைக்கிற ஒரு முறையைச் செய்து பார்க்கிறாள். பானை நிறையச் சோறு. வீடே ஆவலோடு சாப்பிட உட்காருகிறது, அடுத்த படத்தில் எல்லார் முகமும் கோணிப்போகிறது. நான் கடையிலிருந்து வாய்விட்டுச் சிரித்தேன், கொப்பி எடுக்க நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். முசுட்டையும் தகரையும் ஆய்ந்து, ஒரு சுண்டு அரிசியில் பத்துப் பேருக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களிடம் போய் இதை விளக்கத் தேவையில்லை. பழைய சேலையை வெட்டிப் பெடியனுக்குக் களிசான் தைத்த கையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலும் எங்களுக்குத் தெரியும். சுசுவும் கிமோனோவை வெட்டி வேலைக்குப் போடுகிற காற்சட்டை தைக்கிறாள், எங்கே மடிக்க வேண்டும், எங்கே தைக்க வேண்டும் என்று கோனோ படம் போட்டே காட்டுகிறார்.

இனிச் சொல்லப் போவது கதையை உடைக்கிற விசயம். வாசிக்கிற எண்ணம் இருந்தால் அடுத்த பந்தியை விட்டுவிடுங்கள்.

1945 யூன் மாதம், குண்டுவீச்சு முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, பிந்தி வெடிக்கிற குண்டு ஒன்று வெடிக்கிறது. சுசுவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்த மைத்துனியின் மகள் செத்துப்போகிறாள். சுசுவுக்கு அந்த வலது கை போய்விடுகிறது, படம் கீறுகிற கை. அதிலிருந்து புத்தகத்தில் வீடு, மலை, மரம் எல்லாம் கோணல்மாணலாகப் போகின்றன. கோடு நடுங்குகிறது, தூண் சரிகிறது. முதலில் அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்திலிருந்து பின்னணிப் படங்களைக் கோனோ தன்னுடைய இடது கையால் கீறியிருக்கிறார். இவர் நான் மேலே சொன்ன புள்ளித்தாள் ஒட்டுகிற ஆளும் இல்லை, நிழலெல்லாம் பேனாக் கோடுதான், ஒவ்வொரு கோடும் கையால் போட்டது. அதனால் கை மாறியது கண்ணுக்குப் பட்டெனத் தெரிகிறது. ஒரு சொல்லும் எழுதாமல் இப்படிச் சொல்ல முடியும் என்றால், அதை நாவலில் செய்ய முடியாது, படத்திலும் கஷ்டம். படக்கதையில்தான் முடியும்.

எங்கள் கடைக்கு ஒரு அண்ணை வருவார், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கையால் எழுதப் பழகிவிட்டார், ஆனால் கையெழுத்து ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி விழும். ஒரு அலுவலகத்தில், பழைய பதிவில் இருக்கிற கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மூன்று தடவை போமைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய கையெழுத்துப் போட்ட கை எங்கே என்று அவர் அவர்களிடம் கேட்கவில்லை, என்னிடம் வந்து இன்னொரு போம் கேட்டார். அந்த இடது கைப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு வந்த ஞாபகம் அவர்தான்.

ஹிரோஷிமா என்றவுடன் எல்லாரும் சொல்வது கெய்ஜி நகசாவாவின் "வெறுங்கால் கென்". 1973 இல் தொடங்கியது, பத்துத் தொகுதி. அவர் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூட மதில் மறைத்ததால் தப்பியவர். தகப்பனும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் அகப்பட்டு எரிந்து போனார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்தப் புத்தகம் முழுக்கப் பிடிக்கவில்லை. எல்லாரும் கத்துகிறார்கள், வாயைத் திறந்தால் ஊர் கேட்கிறது, அப்பன் பிள்ளையை அடிக்கிற அடியில் பிள்ளை பறக்கிறது. அந்தக் காலத்துப் பெடியன்கள் சஞ்சிகையின் பாணி அது. ஆனால் அதை ஏன் கீறினார் என்பது தெரிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். 1966 இல் தாய் செத்து எரித்த பிறகு எலும்பு எடுக்கப் போயிருக்கிறார். அவர்களுக்கும் எங்களைப்போல அந்தச் சடங்கு உண்டு. சாம்பலுக்குள் எடுக்க எலும்பு இல்லை, கதிர்வீச்சு எலும்பையும் தின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். காடாத்துக்குப் போய் சாம்பலைக் கிளறியவர்களுக்கு இது என்னவென்று விளங்கும். அதுவரைக்கும் அணுகுண்டு என்ற சொல்லையே ஒதுக்கி வைத்திருந்த மனிசன், அதுக்குப் பிறகுதான் அதைக் கீறத் தொடங்கினார். 2023 இல் ஹிரோஷிமா நகரத்துப் பள்ளிக்கூடங்களின் சமாதானப் பாடத்திலிருந்து இந்தக் கதையை எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன், எந்த ஊரிலும் பாடப்புத்தகம் போடுகிறவர்கள் ஒரே சாதிதான்.

ஷிகெரு மிசுகி இடது கையைப் பப்புவா நியூகினிப் பக்கம், ரபாவுலில் குண்டுவீச்சில் இழந்தவர், ஒற்றைக் கையோடு தொண்ணூற்று மூன்று வயது வரை இருந்து பேய்க்கதையும் யுத்தக்கதையும் கீறினார். தன் படைப்பிரிவைப் பற்றி 1973 இல் கீறிய கதையில் ஆட்கள் கேலிச்சித்திரம் மாதிரி மொட்டைத் தலையும் பல்லுமாக இருப்பார்கள், காடு மட்டும் புகைப்படம் மாதிரி ஒவ்வொரு இலையாக இருக்கும். சாகிற நேரத்தில் மனிசரும் அப்படியே புகைப்படமாகிவிடுவார்கள். அதுக்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் மகனுடைய பக்கத்துக்கு வருவோம். "வின்லாண்ட் சாகா" வாசிக்கிறானோ கேளுங்கள். மகோதோ யுகிமுரா 2005 இல் தொடங்கி, இருபது வருசம் கீறி, 2025 இல்தான் முடித்தார். ஆயிரம் வருசத்துக்கு முந்திய வடநாட்டுக் கடற்கொள்ளைக்காரர்களின் கதை. தோர்ஃபின் என்ற பெடியன், தகப்பனைக் கொன்றவனைக் கொல்ல வேண்டும் என்றே வளர்கிறான். வாள், கோடரி, தலை உருளுகிறது, பெடியன்களுக்கு நல்ல விருப்பம். பிறகு திடீரென்று கதை நிறம் மாறுகிறது. அவனை அடிமையாக ஒரு பண்ணைக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கே காட்டை வெட்டி வயலாக்கினால் விடுதலை. இந்த இடத்தில்தான் என் அக்காவின் மகன் உட்பட எல்லாப் பெடியன்களும் "அலுப்பு மாமா, ஒரு சண்டையுமில்லை" என்று புத்தகத்தை மூடுகிறார்கள். எனக்குத் தொடங்கியதே அங்கேதான்.

எங்கள் தாத்தா 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்துத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர். அப்போது இந்தப் பக்கமெல்லாம் பாலையும் முதிரையும் வீரையும். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தெரிந்த மனிசருக்குக் காடு வெட்டத் தெரியாது. மரத்தை வெட்டுவது பெரிய வேலை இல்லை, கட்டை பிடுங்குவதுதான் வேலை என்று சொல்லுவார். வேரைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, பக்க வேரை ஒவ்வொன்றாகத் தறித்து, கட்டைக்கு நெருப்பு வைத்து, அது மூன்று நாள் புகைந்து, பிறகும் அசையாமல் இருக்கும். யுகிமுரா அந்தக் கட்டை பிடுங்குகிறதைப் பக்கம் பக்கமாகக் கீறியிருக்கிறார். தோர்ஃபினும் கூட்டாளி ஐனாரும் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறார்கள், வராது. உழவுக்குக் குதிரை இரவல் வாங்க ஒரு கிழவனிடம் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். (எங்கள் ஊரில் குதிரைக்குப் பதில் லாண்ட்மாஸ்டர், மற்றதெல்லாம் அதேதான்.) கடைசியில் கோதுமை முளை விடுகிறது, இரண்டு பேரும் குந்தியிருந்து அதைப் பார்க்கிற ஒரு படம் இருக்கிறது. பிறகு பொறாமை பிடித்த சிலர் வந்து அந்த முளையைப் பிடுங்கிப் போடுகிறார்கள். நூறு தலை உருண்டபோது வராத கோபம் எனக்கு அந்த முளைக்கு வந்தது. வாளை விட்டவன் கடைசியில் போய்ச் சேருகிற இடம் "எனக்கு எதிரிகள் யாரும் இல்லை" என்ற ஒரு வசனம், போனில் துண்டாகப் பார்த்தால் போஸ்டர் வசனம் மாதிரி இருக்கும், கட்டை பிடுங்கினதையெல்லாம் வாசித்துவிட்டு வந்தால்தான் அதுக்குக் கனம் வருகிறது.

வயல் என்று வந்ததால், "சில்வர் ஸ்பூன்". ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த பெண், தன்னைக் கீறும்போது மாடாகத்தான் கீறுவார். 2011 முதல் 2019 வரை, பதினைந்து தொகுதி. பட்டணத்தில் படிப்பு நெருக்கடி தாங்காமல் ஓடி வந்த ஒரு பெடியன் விவசாயப் பள்ளிக்கூடத்தில் சேருகிறான். (அக்கா, இதை நீங்களும் வாசிக்கலாம். ஓ.எல். வீட்டுக்கு ஏற்ற கதை.) பன்றிக் குட்டி ஒன்றுக்குச் சாப்பாட்டுப் பெயர் வைத்து வளர்த்து, அது இறைச்சிக்குப் போகிற நாளில் அந்த இறைச்சி முழுவதையும் தானே காசு கொடுத்து வாங்குகிறான். கிடாய்க்குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டு வேள்விக்கு முதல் நாள் அழுத பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் என்னைப் பிடித்தது அது இல்லை, கொமாபா என்ற பெடியன். பந்து எறிவதில் கெட்டிக்காரன், குடும்பப் பண்ணை கடனில் மூழ்கிவிடுகிறது, மாடுகளை ஏற்றிக்கொண்டு லொறி போகிறது, அவன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறான். அற்புதம் ஒன்றும் நடந்து அவனைக் காப்பாற்றவில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கதிர் தள்ளின வயலை ஒரு இரவில் இழந்த ஆட்களும், 2021 இல் உரத்தை நிற்பாட்டியபோது பாதி விளைச்சலைக்கூடக் காணாதவர்களும் கடன் போம் நிரப்ப என் கடை வாங்கில்தான் இருந்தார்கள். அந்த லொறியைக் கீறின கைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

"அட்டாக் ஒன் டைட்டன்" கட்டாயம் வாசித்திருப்பான். 2009 இலிருந்து 2021 வரை, 34 தொகுதி. மதிலுக்குள் அடைபட்ட சனம், வெளியே மனிசரைத் தின்கிற பூதங்கள். முதல் பத்துத் தொகுதி கீழே வைக்க முடியாது. முடிவில், தன் சனத்துக்காக உலகத்தையே மிதிக்கப் போகிறவனைக் குற்றவாளி என்பதா பாவம் என்பதா என்று ஆசிரியருக்கே தெரியாமல் தடுமாறுகிறது என்பது என் எண்ணம். கடை வாசலில் பெடியன்கள் இதுக்கு மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு விருப்பம், அவர்கள் உண்மையில் எதைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பது பல நேரம் விளங்கும்.

கொரியாக்காரர் போனுக்கென்றே கலரில், மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்க்கிற மாதிரிச் செய்கிற கதைகளையும் பெடியன்கள் மங்கா என்றே சொல்கிறார்கள். ஒரு ஐந்தாறு பார்த்தேன். நோஞ்சான் ஒருத்தன் திடீரென்று பலசாலியாகிறான், பிறகு இன்னும் பலசாலியாகிறான். விரல் வலித்ததுதான் மிச்சம்.

தகேஹிகோ இனோவே 1999 இல் தொடங்கிய "ரியல்" சக்கர நாற்காலியில் இருந்து கூடைப்பந்து ஆடுகிறவர்களின் கதை. இடையில் ஆண்டுக்கணக்கில் நிற்பாட்டி வைத்து வாசகரைக் கொன்றுவிட்டார். ஆனால் கால் போனவனை அழ வைக்கவும் மாட்டார், தெய்வமாக்கவும் மாட்டார். அதில் வருகிறவர்களுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், தோற்றால் கூடாத வார்த்தையும் வரும். மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இரண்டு தொகுதியாவது வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.

எங்களைப் பற்றியே ஒன்று இருக்கிறது, 2019 இல் வந்தது, பெயரே "வன்னி". எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், கீறியவர் லிண்ட்சே பொலொக், மங்கா இல்லை, ஆங்கிலத்தில் வந்த படக்கதை. டிக்ஸ் ஐ.நா. வேலையில் இங்கே இருந்தவர், 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆட்கள் வெளியேறியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் அதை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை, நாலு மாதம் எடுத்தது, இரவில் எடுக்கவே மாட்டேன். தறப்பாளும் பங்கரும் படத்தில் வரும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியாருக்கு நடந்ததை விளக்கியாக வேண்டும் என்ற அவசரம் அந்தப் புத்தகத்துக்கு இருக்கிறது, ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்கு ஓடுகிறது. அது அவர்கள் பிழை இல்லை, அவர்கள் வேலை அது. கோனோவுக்கு அந்த அவசரம் இல்லை, தன்னுடைய ஊர்ச் சனத்துக்குக் கீறுகிறார், ஆகவே ஒரு பானைக்கு மூன்று பக்கம் ஒதுக்க முடிகிறது. அந்தப் பானையை எங்கள் பிள்ளை ஒன்று கீறினால் கொப்பி இலவசமாக எடுத்துத் தருவேன் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் வந்தது வாள் பிடித்த பெடியன்களின் படம் ஏழும் நாய்க்குட்டி ஒன்றும். நாய்க்குட்டி நல்ல வடிவு.

இன்னொரு விசயம், படத்துக்குள் எழுதுகிற சத்தங்கள். எங்கள் இரட்டைக்கிளவி மாதிரி யப்பான்காரருக்கும் சடசட, நொறுநொறு என்று ஆயிரம் இருக்கிறது, மழைக்கு ஒன்று, முறைத்துப் பார்ப்பதற்கு ஒன்று. சத்தமே இல்லாததுக்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள், "ஷீன்" என்று வெறும் அறையில் பெரிதாக எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். தமிழில் ஆராவது செய்தால் "கம்" என்று எழுதிவிட்டுப் போகலாம், ஊர் கம்மென்று கிடந்தது என்றால் எங்களுக்கு விளங்காதா.

நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். போனைப் பறிக்காதீர்கள், பறித்தால் கூட்டாளியின் போனில் பார்ப்பான். என்ன வாசிக்கிறான் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள், கதை சொல்லச் சொல்லுங்கள், அவன் சொல்லத் தயங்குகிற கதைதான் நீங்கள் பார்க்க வேண்டிய கதை. களவாகப் போடுகிற தளங்களில் விளம்பரம் என்ற பெயரில் கண்டதும் வரும், அதுதான் கதையை விட மோசம். ஷூஎய்ஷா பதிப்பகமே மங்கா பிளஸ் என்று ஒரு செயலி 2019 இலிருந்து வைத்திருக்கிறது, அதில் பல கதைகளின் தொடக்க அத்தியாயங்களும் கடைசியாக வந்தவையும் காசில்லாமல் பார்க்கலாம். தமிழில் இல்லை, ஆங்கிலம்தான். அது ஒரு விதத்தில் நல்லது, என் மருமகனுக்கு ரியூசனில் வராத இங்கிலிஸ் இதில் வந்தது, கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தது. புத்தகமாக வாங்குவதென்றால் கொழும்பில்தான், ஒரு தொகுதிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பரீட்சை முடிந்த பிறகு பெடியனைக் கடைக்கு அனுப்புங்கள், என்னிடம் இருப்பதை இரவல் தருகிறேன். நனைக்காமல் கொண்டு வந்தால் போதும்.

வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எங்களுக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதுதான் அவர்களுக்கு முன்னட்டை, பெட்டிகளையும் வலது மூலையிலிருந்துதான் வாசிக்க வேண்டும். தெரியாத ஆட்கள் எங்கள் வழக்கப்படி திறந்து முடிவிலிருந்து தொடங்குவார்கள். போன கிழமை அந்தக் கையெழுத்து அண்ணை வந்திருந்தார். லமினேட்டிங் மெஷின் சூடாக முதல் கறண்ட் போய்விட்டது. வாங்கில் இருந்து, மேசையில் கிடந்த கோனோவின் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, இடது கையால் எங்கள் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு தாளாகத் தட்டிக்கொண்டு போனார். எழுத்தை வாசிக்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார். சரிந்த தூண்களும் நடுங்கிய மலைகளும் முடிந்து, கோடுகள் நேராகி, சுசு வலது கையில் பென்சிலோடு இருக்கிற பக்கங்களுக்கு வந்துவிட்டார்.

"தொடக்கத்திலை கோணல்மாணலாக் கீறியிருக்கு தம்பி," என்றார், "போகப் போகக் கை நல்லா வந்திட்டுது."

பிழையான பக்கத்தால் வாசிக்கிறீர்கள் அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள் கறண்ட் வந்துவிட்டது, மெஷின் சூடாக ஐந்து நிமிசம் எடுக்கும், அவர் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.